எடையைக் கேட்குமுன் காலைப் பாருங்கள்: கோழியினங்களும் மூட்டு நோயும்

கோழிக்குஞ்சு வாங்கச் செல்லும் கமக்காரர் இரண்டு கேள்விகளைத் தவறாது கேட்பர். “ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும்?” என்பது ஒன்று. “எத்தனை நாளில் எத்தனை கிலோ வரும்?” என்பது மற்றொன்று. “இவ்வினத்தின் கால் எப்படி?” என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும், கால் கெட்ட கோழியால் முட்டையும் இல்லை, எடையும் இல்லை. அது தீன் தொட்டியை அணுகமாட்டாது, தண்ணீருக்கும் செல்லமாட்டாது. ஏனைய கோழிகளின் மிதிக்கும் கொத்துக்கும் ஆளாகி, நனைந்த கூளத்தில் கிடந்து, சில நாளில் மாண்டுபோகும். இருபது குஞ்சுகளைக் கைக்காசு கொடுத்து வாங்கிய குடும்பத்திற்கு அவற்றில் ஐந்து நொண்டினால் அவ்வருவாய் முழுவதும் போயிற்று என்றே கொள்ளல் வேண்டும்.

இத்தகைய இழப்பு நேர்ந்தவிடத்து, “கோழிக்கு வாதம் கண்டுவிட்டது, விதி” என்று சிலர் கூறுவர். “குஞ்சு விற்றவன் ஏமாற்றிவிட்டான்” என்று வேறு சிலர் கூறுவர். உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. சில இனங்கள் மூட்டு நோய்க்கு எளிதில் ஆளாகின்றன; சில எளிதில் ஆளாவதில்லை. இவ்வேறுபாட்டை வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும், விற்போர் மறையாது கூறல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நொண்டுதல் எல்லாம் ஒரு நோயன்று

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளல் நன்று. நொண்டுதல் ஓர் அறிகுறியேயன்றி ஒரு தனி நோயன்று. கோழி நொண்டுவதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானவற்றை மாத்திரம் இங்கே கூறுவோம்.

ஒன்று, றியோவைரசினால் உண்டாகும் தொற்று. இறகு மூடிய காலும் செதில் மூடிய காலும் சேருமிடத்திலுள்ள குதிமூட்டையும், அதன் மேலே செல்லும் தசைநாண்களையும் இது தாக்கும். தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் நார். தாக்குண்ட நார் முதலில் வீங்கும். பின்னர் தடித்து இறுகும். பாரமான கோழியில் சில வேளை அறுந்தும் போகும். அறுந்தவிடத்தில் தோலின் கீழ் இரத்தம் கசிந்து நீலமும் பச்சையுமாகத் தோன்றும்.

இரண்டு, மைக்கோபிளாசுமா சைனோவியே என்னும் நுண்ணுயிரால் உண்டாகும் மூட்டுச் சவ்வு அழற்சி. இந்நோய் 1954 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. குதிமூட்டும் பாதமும் வீங்கும், கொண்டை வெளிறும், வீங்கிய மூட்டைத் திறந்தால் பாலாடை போன்ற பசைநீர் காணப்படும். இது முட்டை மூலம் தாயிலிருந்து குஞ்சுக்குச் செல்லவல்லது.

மூன்று, தபைலோகொக்கசு என்னும் பற்றீரியா காயத்தின் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ மூட்டையும் எலும்பையும் அடைதல்.

நான்கு, தொற்றின்றித் தீனாலும் பிறப்பாலும் வரும் கோளாறுகள். தசைநாண் வழுகிக் கால் பக்கவாட்டில் திரும்பிவிடுதல், முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்முனையில் கசியிழையம் எலும்பாக மாறாது தங்கிவிடுதல், யூரிக்கமிலம் மூட்டுகளிற் சுண்ணாம்பு போற் படிதல் என்பன இவ்வகையின.

இவற்றோடு மறெக் நோயை மயக்கிக்கொள்ளலாகாது. அங்கேரிய மிருக வைத்தியரான யோசெவ் மறெக் 1907 ஆம் ஆண்டில் விவரித்த அந்நோய் நரம்பைப் பற்றியது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் கோழியின் மூட்டு வீங்கியிராது. அதன் மூட்டுக்கு எண்ணெய் தடவுவதாற் பயன் யாதுமில்லை.

இனத்துக்கு இனம் வேறுபாடு எவ்வளவு?

வெள்ளை லெக்கோண் போன்ற இலேசான முட்டையினங்களை விட இறைச்சிக்கென வளர்க்கப்படும் பாரமான இனங்களிலேயே றியோவைரசு மூட்டு நோய் அதிகமாகவும் கடுமையாகவும் காணப்படுகின்றது. தசைநாண் அறுந்துபோதலும் பெரும்பாலும் பாரமான கோழிகளுக்கே நேர்வதாகும். லெக்கோணுக்கு இத்தொற்று வாராது என்பதன்று. அது வரும், ஆனால் பல வேளைகளில் வந்த சுவடு தெரியாது சென்றுவிடும்.

தீனாலாகும் கோளாறிலும் இவ்வேறுபாடு பல காலத்துக்கு முன்னரே கண்டறியப்பட்டது. தசைநாண் வழுகும் நோய்க்கு மங்கனீசுக் குறைவு ஒரு காரணம் என்பதை அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1936 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். இந்நோயைத் தடுக்க வெள்ளை லெக்கோண் குஞ்சுக்குப் போதுமான மங்கனீசு, பாரம் கூடிய நியூ ஹம்சயர் குஞ்சுக்குப் போதவில்லை என்பது அதன் பின்னர் தெரியவந்தது. ஒரே தீனை உண்டு ஓரினம் நேராக நிற்க, மற்றோரினம் கால் திரும்பி வீழ்ந்தது.

இன்னுமொரு செய்தி கவனிக்கற்பாலது. வேறுபாடு இனங்களுக்கிடையில் மாத்திரமன்றி ஓரினத்துள்ளும் உண்டு. கசியிழையக் கோளாறு 1965 ஆம் ஆண்டில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் விவரிக்கப்பட்ட பின்னர், அந்நோய் மிகும் கோழிகளையும் குறையும் கோழிகளையும் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்து, நோய் கூடிய கால்வழியையும் குறைந்த கால்வழியையும் தனித்தனியே உண்டாக்க முடிந்தது. மூட்டில் யூரிக்கமிலம் படியும் நோயையும் அவ்வாறே பிறப்பு வழி தொடரும் ஒரு கால்வழியாகப் பிரித்தெடுத்தனர். அக்கோழிகளுக்குப் புரதம் மிகுந்த தீன் கொடுத்தபோது நோய் மேலும் பெருகிற்று. ஆகவே, “றோட் ஐலண்ட் றெட் நல்லது, லெக்கோண் நல்லது” என்று பெயரை மாத்திரம் கூறி அமைதல் போதாது. எந்தத் தாய்மந்தையிலிருந்து வந்தது என்பதும் கேட்கப்படல் வேண்டும்.

பாரம் ஏன் மூட்டைக் கெடுக்கின்றது?

கனடாவிலுள்ள அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2014 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி இதனை நன்கு விளக்கும். 1957 ஆம் ஆண்டிலிருந்தும் 1978 ஆம் ஆண்டிலிருந்தும் தெரிவின்றிப் பேணப்பட்ட இரண்டு கால்வழிகளையும், 2005 ஆம் ஆண்டின் வணிக இறைச்சியினம் ஒன்றையும் எடுத்து, ஒரே தீன் கொடுத்து வளர்த்தனர். 56 ஆம் நாளில் முதலாவதன் சராசரி எடை 905 கிராம். இரண்டாவதன் எடை 1,808 கிராம். மூன்றாவதன் எடை 4,202 கிராம். தீன் ஒன்றே, நாள் ஒன்றே. கோழி மாத்திரமே வேறு.

அந்த 4,202 கிராமையும் தாங்கி நிற்பன எட்டு வாரமேயான இரண்டு கால்கள். எலும்பின் முனையிலுள்ள கசியிழையம் முற்றுமுன்னரே பாரம் வந்து அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகின்றன. குடலிலிருந்தோ மூச்சுக்குழலிலிருந்தோ இரத்தத்துட் புகுந்த பற்றீரியா அவ்வெடிப்பிற் குடிகொள்ளுகின்றது. இலேசான கோழியில் இடமின்றிப் போகும் கிருமிக்குப் பாரமான கோழி இடங்கொடுக்கின்றது என்க. தசைநாணும் அவ்வாறே. தொற்றினால் தடித்த நார், இலேசான உடலைத் தாங்கிக்கொண்டே மெல்ல ஆறிவிடலாம். பாரமான உடலை அது தாங்கமாட்டாது அறுகின்றது.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 51,000 இறைச்சிக் கோழிகளின் நடையைப் பரிசோதித்து 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, சராசரி 40 நாள் வயதில் நூற்றுக்கு 27.6 கோழிகள் செவ்வனே நடக்கவில்லை, நூற்றுக்கு 3.3 கோழிகள் ஏறக்குறைய நடக்கவே இயலாத நிலையில் இருந்தன. அவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் கோழியின் கால்வழி ஒன்று, இருள்நேரம் குறைவாக இருத்தல் ஒன்று, நெருக்கம் ஒன்று.

“கோழிக்கு நோ தெரியுமா?” என்று கேட்பாரும் உளர். இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரிசோதனையில், நோவைத் தணிக்கும் மருந்து கலந்த தீனையும் கலவாத தீனையும் வேறு நிறங்களில் அருகருகே வைத்தனர். நொண்டிய கோழிகள் நல்ல கோழிகளை விட அம்மருந்துத் தீனைக் கூடுதலாகத் தெரிந்து உண்டன. நொண்டுதல் கடுமையாகக் கடுமையாக, உண்ட மருந்தின் அளவும் கூடிற்று. நாம் வளர்க்கும் உயிர் நோவறியாதது என்று இனிக் கூறி நாம் தப்பிக்கொள்ளல் இயலாது.

“ஊர்க்கோழிக்கு ஒன்றும் வராது” என்பது சரியா?

மேற்கூறியவற்றைப் படித்த ஒருவர், “அப்படியானால் எங்கள் ஊர்க்கோழியே சிறந்தது, அதற்கு மூட்டு நோய் வாராது” என்று முடிவு செய்தல் கூடும். இம்முடிவு பாதி உண்மையே.

ஊர்க்கோழி இலேசானது, மெல்ல வளர்வது, பகல் முழுவதும் கிளறித் திரிவது. இம்மூன்றும் அதன் காலுக்கு நன்மையே. ஆயினும், பல நாடுகளில் ஊர்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, மைக்கோபிளாசுமாத் தொற்று வந்துசென்ற அடையாளம் அவற்றிலும் காணப்பட்டது. நோயைக் காட்டாது சுமந்து திரியும் கோழி, அயலிலுள்ள பண்ணைக்கு அதனைக் கொடுக்கவும் கூடும். அன்றியும், நொண்டிய ஊர்க்குஞ்சைப் பருந்தும் கீரியும் முதலிற் கொண்டுபோகும். நொண்டியது கண்ணிற் படாமையால் நொண்டவில்லை என்று எண்ணுகின்றோம். ஆகையால் ஊர்க்கோழியின் நன்மையை ஒப்புக்கொள்வோம். அதற்குக் காப்பு வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளோம்.

இனங்களை ஒப்பிடுவோர் இன்னொரு பிழையும் விடுவதுண்டு. ஒருவர் லெக்கோணை உலர்ந்த கூட்டிலும், இறைச்சிக் கோழியை மாரி காலத்து ஈரக் கூளத்திலும் வளர்த்துவிட்டு, “இனமே குற்றம்” என்பர். ஈரக் கூளம் பாதத்தைப் புண்ணாக்கும். புண்ணின் வழியே பற்றீரியா நுழையும். இவ்விடத்துக் குற்றம் இனத்திலா, கூரையிலா? ஒரே கூரை, ஒரே தீன், ஒரே நெருக்கம், ஒரே வயது என்னும் நான்கும் ஒத்திருந்தாலன்றி இனத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது.

எமது கருத்து

பாரமான இறைச்சியினமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இந்நாட்டு மக்களுக்கு இறைச்சிப் புரதத்தை மலிவாகத் தருவது அவ்வினமே. ஆனால், அது ஒரு குறித்த முறைக்கென ஆக்கப்பட்ட கோழி. உலர்ந்த கூளம், அளவான தீன், ஐந்து ஆறு வாரத்தில் விற்பனை என்பனவே அம்முறை. அதே குஞ்சை வாங்கி, வளவில் விட்டு, “பண்டிகை வரட்டும், இன்னும் பருக்கட்டும்” என்று மூன்று மாதம் வைத்திருத்தல் தவறு. நாளுக்கு நாள் பாரம் ஏறும். காலோ அதற்கேற்ப உரமாகாது. இவ்வாறு வளர்த்துவிட்டு நொண்டியதே என்று வருந்துவோர், நோயை விட முறையையே முதலில் நோகல் வேண்டும். வளவில் நெடுநாள் வைத்திருக்க விரும்புவோர், மெல்ல வளரும் இருபயன் இனங்களையோ, முட்டையினங்களையோ, நல்ல ஊர்க்கோழியையோ நாடுதல் தகும். எடை குறையும் என்பது உண்மையே. ஆனால் இருபது வாங்கினால் இருபதும் நடக்கும் வாய்ப்பு அவற்றிலேயே கூடுதலாகும்.

“நொண்டினால் மருந்து உண்டே” என்பது மற்றொரு வாதம். மைக்கோபிளாசுமாவுக்கும் பற்றீரியாவுக்கும் சில நுண்ணுயிர் எதிரிகள் ஓரளவு பயன்படும். முற்றாகக் குணமாக்குவது அரிது. வைரசுக்கு அவை சிறிதும் பயன்படா. அறுந்த தசைநாணை எம்மருந்தும் ஒட்டாது. காரணமறியாது தண்ணீரில் மருந்தைக் கரைத்துக் கொடுப்பவர், பணத்தை இழப்பதோடு, மருந்துக்கு அஞ்சாத கிருமியையும் வளர்க்கின்றார். அம்மருந்தின் எச்சத்தை முட்டையிலும் இறைச்சியிலும் தம் பிள்ளைகளுக்கே ஊட்டுகின்றார்.

மூட்டு நோயைத் தடுக்கவேண்டிய முதலிடம் கமக்காரரின் கூடன்று, தாய்மந்தையே ஆகும். றியோவைரசு ஒரு நாட் குஞ்சையே கடுமையாகத் தாக்கும். வயது ஏறுந்தோறும் எதிர்ப்பு வளரும். ஆதலின், தாய்க்கோழிக்குத் தடுப்பு மருந்து ஏற்றினால் அதன் பிறபொருளெதிரி மஞ்சட்கரு வழியாகக் குஞ்சை அடைந்து, ஆபத்தான முதல் நாட்களிற் காக்கும். 2011 ஆம் ஆண்டிற்குப் பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய தடுப்பு மருந்துக்கு நன்கு கட்டுப்படாத புதிய வகைகள் தோன்றியமையால், தாய்மந்தையை இடையறாது சோதித்தலும் அவசியமாகின்றது. மைக்கோபிளாசுமா இல்லாத தாய்மந்தையிலிருந்து அத்தொற்று முட்டை வழி வருவதற்கில்லை.

இனவிருத்தி செய்வோர் மனம்வைத்தால் காலும் சீர்ப்படும் என்பதற்குச் சான்று உண்டு. கசியிழையக் கோளாறுள்ள கோழியை உயிருடன் ஊடுகதிர்ப்படக் கருவியாற் கண்டறிந்து நீக்கும் முறையைப் பெரும் இனவிருத்தியாளர் பல ஆண்டுகளாகக் கையாண்டு, தம் தூய கால்வழிகளில் அக்கோளாற்றைக் குறைத்துள்ளனர். நெதர்லாந்து போன்ற நாடுகளில், மெல்ல வளரும் இறைச்சியினங்களும் சந்தையில் இடம்பெற்றுவிட்டன. கேட்போர் இருந்தமையாலேயே இவை நிகழ்ந்தன. இங்கும் கேட்போர் வேண்டும்.

ஆதலால், குஞ்சு விற்கும் ஒவ்வொருவரும் மூன்று விடயங்களை எழுத்திற் கொடுத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. இனமும் கால்வழியும் யாவை? தாய்மந்தை மைக்கோபிளாசுமாவுக்குச் சோதிக்கப்பட்டதா? தாய்க்கோழிகளுக்கு எத்தடுப்பு மருந்துகள் ஏற்றப்பட்டன? ஒரு மூடை உரம் வாங்கும்போது உள்ளிருப்பது யாது என்று பையில் எழுதப்பட்டிருக்கின்றது. ஓர் உயிரை வாங்கும்போது அவ்வளவு தானும் அறிய வாங்குவோர்க்கு உரிமை இல்லையா?

கமக்காரர் செய்யவேண்டியன

1. குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கவும். இரு காலிலும் ஒத்து ஊன்றி நிற்கின்றதா, விரல்கள் நேராக உள்ளனவா, குதிமூட்டு சிவந்து வீங்கியுள்ளதா என்பதைக் கவனிக்கவும். கால் கெட்ட குஞ்சை விலை குறைத்துத் தந்தாலும் வாங்கற்க.

2. கூளத்தை உலர்ந்ததாக வைத்திருக்கவும். உமியோ மரச்சீவலோ கையிற் பிடித்துப் பிழிந்தால் கட்டியாகுமாயின் அது ஈரமானது. நீக்கிவிட்டுப் புதியது இடவும். மாரி தொடங்குமுன் கூரையையும் தண்ணீர்த் தொட்டியின் கசிவையும் சீர்செய்க.

3. இரவில் இருள் கொடுக்கவும். தீன் கூடுதலாக உண்ணும் என்று முழு இரவும் விளக்கெரித்தல் காலுக்குக் கேடு. ஐரோப்பியச் சட்டம் இறைச்சிக் கோழிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர இருளைக் கட்டாயமாக்கியுள்ளது. நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

4. வீட்டிற் கலக்கும் தீனில் அவதானம் வேண்டும். சோளத்தில் மங்கனீசு மிகக் குறைவு, நெற்றவிட்டில் மிகுதி. சோளத்தை மாத்திரம் நம்பற்க. கல்சியமும் பொசுபரசும் அளவு மிஞ்சினால் மங்கனீசு உடலிற் சேராது. ஆகையால் “எலும்புக்கு நல்லது” என்று குஞ்சுத்தீனில் சிப்பித்தூளை அள்ளிப்போடுதல் கூடாது. தாதுப்பொருட் கலவையைக் குறித்த அளவிற் சேர்க்கவும்.

5. கோழி ஏறி உறங்கும் தடி உருண்டு வழவழப்பாக, பாரமான இனத்துக்குத் தாழ்வாக இருத்தல் வேண்டும். உயரத்திலிருந்து குதிப்பதால் பாதத்திற் காயமுண்டாகும்.

6. நொண்டும் கோழியை உடனே பிரித்து, தீனும் நீரும் அருகில் வைக்கவும். அது தேறினாலும் அதன் முட்டையை அடைக்கு வைக்கலாகாது. காணப்பெற்ற குற்றம் பிறப்பு வழியதாயின் அது குஞ்சுக்கும் செல்லும். தொற்றாயினும் செல்லல் கூடும். சேவலின் எடையைக் கண்டு மயங்கி, காலை மறந்து விடுவோர் பலர். இனவிருத்திக்கு விடும் சேவல் முதலில் நேராக நடக்கவேண்டும்.

7. எழமாட்டாது கிடக்கும் கோழியை நாட்கணக்கில் வருந்தவிடாது, தாமதமின்றி நோவில்லாமல் முடித்துவிடுதலே இரக்கமாகும்.

8. ஒரே கூட்டில் பல கோழிகள் அடுத்தடுத்து நொண்டினால், மருந்துக் கடைக்குச் செல்லுமுன் மிருக வைத்திய அலுவலகத்துக்குச் செல்லவும். நொண்டிய கோழி ஒன்றை உயிருடனும், புதிதாக இறந்தது இருப்பின் அதனையும் மூடிய பெட்டியிற் கொண்டுசென்று காட்டவும். எவ்வினம், எத்தனை நாள் வயது, எங்கு வாங்கியது, என்ன தீன் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லல் நோயறிவதற்குப் பெரிதும் உதவும்.

இக்கடைசிக் குறிப்பை மீண்டும் வற்புறுத்துகின்றோம். ஒரு கொப்பியும் பென்சிலும் கோழிக்கூட்டின் கதவோரத்திற் கட்டித் தொங்கட்டும். எந்தக் குஞ்சு எந்த நாளில் நொண்டிற்று, எந்த இனம், எந்தக் கொள்வனவு என்று எழுதிவருக. ஈராண்டு எழுதினால், தம் ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் எவ்வினத்தின் கால் நின்றது என்பதை ஒவ்வொரு கமக்காரரும் தம் கைக்கணக்கிலிருந்தே அறிவர். அடுத்த முறை குஞ்சு வாங்கச் செல்லும்போது அக்கொப்பியையும் உடன் கொண்டுசெல்வாராக. விற்பவர் எடையைக் கூறட்டும்; வாங்குபவர் அக்கணக்கைக் காட்டிக் காலைப் பற்றிக் கேட்கட்டும்.